மழைக் கணக்குக்குப் பூட்டு எதற்கு?

இரண்டாமாண்டு, இளமறிவியல் (புள்ளியியல்)

"பார்த்துக்கொள், ஆனால் எடுத்துக்கொள்ளாதே" என்று சொல்லி ஒருவர் நம்மிடம் ஓர் ஏட்டை நீட்டினால் என்ன நினைப்போம்? கொடுத்தாரா, கொடுக்கவில்லையா என்றே ஐயம் எழும் அன்றோ? இன்று அலுவலகங்கள் பொதுமக்களுக்கென வெளியிடும் பி.டி.எஃப். கோப்புகளில் சில இவ்வகையைச் சேர்ந்தவை. திரையில் எண்கள் தெரியும். நகலெடுக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும். அந்த எண்களைக் கூட்டவும் ஒப்பிடவும் வேண்டுமானால் எக்செல் போன்ற விரிதாளில் ஏற்றியாக வேண்டும். அந்த வழியைத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள். மக்கள் பணத்தில் திரட்டிய கணக்குக்கு இந்தப் பூட்டு கூடாது என்பதே என் கட்சி.

இது எப்படிப்பட்ட பூட்டு? பி.டி.எஃப். முறையை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. 2008-இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. இதில் இருவகைக் கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று கோப்பைத் திறப்பதற்கே வேண்டியது. மற்றொன்று அச்சிடலாமா, நகலெடுக்கலாமா என்ற அனுமதிகளைக் காப்பது. நான் சொல்லும் கோப்புகளில் இருப்பது இரண்டாவது மட்டுமே. கோப்பு திறந்துவிட்டால் எழுத்துகள் கணிப்பொறிக்கு வந்து சேர்ந்துவிட்டன என்றே பொருள். "நகலெடுக்காதே" என்பது வாசிக்கும் மென்பொருளுக்கு விடுத்த வேண்டுகோள்தான். அதை மதிக்கும் மென்பொருளும் உண்டு, மதிக்காததும் உண்டு. ஆகவே வசதியும் விவரமும் உள்ளவனுக்கு இது பூட்டே அல்ல. வீட்டில் கணிப்பொறி இல்லாமல் கைப்பேசியில் படிக்கும் நம்மில் பலருக்கு மட்டுமே பூட்டு!

பூட்டைக் கடந்தாலும் தொல்லை தீராது. இந்த எழுத்து தாளில் இந்த இடத்தில் என்றுதான் பி.டி.எஃப். குறித்துவைக்கிறது. பெரும்பாலான கோப்புகளுக்கு நிரை, நிரல் என்ற பேதமே தெரியாது. விரிதாளில் ஒட்டினால் மூன்று நிரல்களும் ஒன்றாகக் குழம்பி நிற்கும். தமிழ்க் கோப்பென்றால் கேட்கவே வேண்டாம். 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டவை இன்னும் கண்ணில் படுகின்றன. அவற்றை ஒட்டினால் பொருளற்ற குறிகளாய் வந்து விழும். தாளைப் படமாக எடுத்துப் போட்டிருந்தாலோ, எழுத்துணரி மென்பொருளை நாட வேண்டும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழையும் படிக்கும். ஆனால் 3-ஐ 8 என்று படித்துவிட்டால்? ஒவ்வொரு நிரலையும் கூட்டி, அச்சிட்ட மொத்தத்தோடு சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சென்ற பருவத்தில் எங்கள் வட்டாரத்தின் பத்தாண்டு மழையளவை ஆராய முற்பட்டேன். ஓர் அலுவலகத்தின் அறிக்கையில் எல்லாம் இருந்தது, நகலெடுக்கத்தான் தடை. ஆறு மழைமானிகள், பத்து ஆண்டுகள், பன்னிரண்டு மாதங்கள்: 720 எண்கள். தங்கை வாசிக்க வாசிக்க, நான் இரண்டு இரவு உட்கார்ந்து தட்டினேன். மானாவாரியில் கடலை போடும் என் தந்தை, "இத்தனை வருசக் கணக்கும் அவங்ககிட்ட இருக்குதா?" என்று வியந்தார். ஆடியில் விதைப்பதா, ஆவணிக்குத் தள்ளுவதா என்பது அவர் கேள்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளிடம் அவர் கேட்ட முதல் கணக்கு அது. அந்த இரண்டு இரவுகளை நான் தட்டச்சுக்குச் செலவிட்டேன், ஆராய்ச்சிக்கு அல்ல.

நாட்டளவிலும் ஓர் உதாரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச் 14 அன்று வாங்கியோர் பட்டியலும் பெற்ற கட்சிகளின் பட்டியலும் தனித்தனி பி.டி.எஃப். கோப்புகளாக வெளிவந்தன. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அவற்றில் இல்லை. பத்திர எண்களோடு மார்ச் 21 அன்று பட்டியல்கள் வந்த பிறகு, பத்திரிகையாளர்கள் அவற்றை விரிதாளில் ஏற்றி எண்ணோடு எண்ணைப் பொருத்தினார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்ணால் பார்த்து முடிகிற காரியமா அது?

மறுப்போரும் உண்டு. எண்ணைத் திருத்திப் போலி அறிக்கை உலவவிடுவார்களாம். அதைத் தடுக்க மின்கையொப்பம் இருக்கிறது. நகல் தடை எந்தப் போலியையும் தடுக்காது. தனிமனிதர் அந்தரங்கம் பற்றிய அச்சம் வேறு, அது நியாயமானது. வாக்காளர் பட்டியலைத் தேடக்கூடிய எழுத்து வடிவில் தர வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்கவில்லை. பெயரும் முகவரியும் கொண்ட ஏட்டில் தயங்குவது புரிகிறது. மழைக்கு ஏது அந்தரங்கம்? ஆசிரியர் உழைத்து எழுதி விற்கும் மின்னூலின் பூட்டைப் பற்றியும் நான் பேசவில்லை. பதிப்புரிமையை மீறும் நோக்கோடு அத்தகைய காப்பை உடைப்பது 2012-இன் சட்டத் திருத்தப்படி குற்றம்.

அதே 2012-இல் மத்திய அரசு வகுத்த தரவுப் பகிர்வுக் கொள்கை, கணிப்பொறி படிக்கக்கூடிய வடிவில் தரவுகளைத் தரச் சொல்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, கணிப்பொறியில் உள்ள தகவலை மின்வடிவில் பெறும் உரிமையை நமக்குத் தருகிறது. அலுவலகத்தில் அந்த அறிக்கை விரிதாளாகப் பிறந்து, பிறகே பி.டி.எஃப். ஆகியிருக்க வேண்டும். பிறந்த வடிவிலேயே தாருங்கள் என்று எங்கள் வகுப்பில் நால்வர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுவதுதான் பாக்கி.