மாமியின் வெள்ளைச் சேலை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மாமி காலமானபோது, அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிடும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பத்திரிகைக்காரன் ஒருவன் குடும்பத்தில் இருக்கையில் வேறு யாரிடம் போவது? வெள்ளைச் சேலையில் மாமி அமர்ந்திருக்கும் படமொன்றைத் தெரிந்தெடுத்து, வீட்டுக் கணினியில் சற்றே 'திருத்தி' அச்சகத்துக்கு அனுப்பினேன். வந்த பிரதிகள் அனைத்திலும் சேலை மஞ்சளாக இருந்தது. முகமோ மஞ்சள் பூசிக் குளித்த முகம். கணவரை இழந்த நாள்முதல் மஞ்சளைத் தொடாதவர் அவர்.

அச்சகத்தாரைக் கடிந்துகொள்ளத் தொலைபேசியை எடுத்தேன். "நீங்கள் அனுப்பினதைத்தான் ஐயா அடிச்சனாங்கள்" என்றார் அந்தத் தம்பி. அவர் கூறியது முற்றிலும் உண்மை. என் திரை, கடையிலிருந்து வந்த நாளிலிருந்தே நீலம் கூடியதாக இருந்திருக்கின்றது. படத்தில் இல்லாத நீலத்தை விரட்டுவதற்காகப் படத்தில் மஞ்சளை ஏற்றியிருக்கிறேன்.

திரையின் நிறத்தைச் சரிசெய்வதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பது பலரின் எண்ணம். திரைமீது பொருத்தி அளக்கும் அத்தகைய கருவிகள் படப்பிடிப்பையே தொழிலாகக் கொண்டோருக்குத் தேவைதான். ஆண்டுக்கு நான்கைந்து குடும்பப் படங்களை அச்சுக்கு அனுப்புபவர் அதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அதற்காகக் கண்ணை மட்டும் நம்பலாம் என்று சொல்லவரவில்லை. நம் கண் எந்த ஒளிக்கும் விரைவில் பழகிவிடும். நீலத் திரையின் வெள்ளையையும் வெள்ளையென்றே ஏற்றுக்கொள்ளும். ஆனால் இரண்டு பொருள்களை அருகருகே வைத்தால் நுண்ணிய வேறுபாட்டையும் அது பிடித்துவிடும். வீட்டில் செய்யக்கூடிய திருத்தம் முழுவதும் கண்ணின் இந்த ஒரு திறமையிலேயே தங்கியிருக்கின்றது.

திரையை அரைமணி நேரமாவது எரியவிட்டபின் தொடங்குங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி இயங்கினால் அதை நிறுத்திவிடுங்கள். திரையின் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் 'எஸ்ஆர்ஜிபி' அல்லது 6500 கெல்வின் என்ற தெரிவு பெரும்பாலும் இருக்கும். 1996 இல் மைக்ரோசொப்ட்டும் எச்பியும் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபிதான் இன்றும் இணையப் படங்களின் பொது அளவுகோல். கடைக்காரர் விரும்பும் பளபளப்புத் தெரிவுகள் எதுவும் வேண்டாம்.

அடுத்து வெளிச்சம். புதுத் திரைகள் பெரும்பாலும் கண்ணைக் கூசவைக்கும் ஒளியுடனேயே வருகின்றன. அதில் தெளிவாகத் தெரியும் படம் தாளில் இருண்டுபோகும். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாளொன்றைப் பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளிரும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். நிறத்துக்கு மட்டும் அந்தத் தாளை நம்பவேண்டாம். ரோசா நிறச் சுவருள்ள அறையில் தாளும் ரோசாவாகிவிடும்! (எங்கள் ஊர் வீடுகளின் சுவர்களை நினைத்தே இதைச் சொல்கிறேன்.)

நிறத்துக்குச் சாம்பல்தான் சாட்சி. விண்டோஸ் 7 முதல் கணினிக்குள்ளேயே திரை நிறத்தைச் சரிசெய்யும் வசதி ஒன்று இருக்கின்றது. அப்பிள் கணினியிலும் இதையொத்தது உண்டு. விண்டோஸில் முதலில், வட்டங்களின் நடுவிலுள்ள சிறு புள்ளிகள் மங்கி மறையும்வரை 'காமா' அளவை நகர்த்த வேண்டும். பின்னர் சாம்பல் பட்டைகள் வரும். அவற்றில் சிவப்போ பச்சையோ நீலமோ சாயல் காட்டினால் அந்நிறத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அவசரப்படாமல், இடையிடையே யன்னலுக்கு வெளியே பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு செய்வது நல்லது.

கடைசியாக, எந்தத் திருத்தமும் செய்யாத படமொன்றை வழக்கமான அச்சகத்தில் அச்சிட்டு வாங்கித் திரையோடு ஒப்பிடுங்கள். வேறுபாட்டைக் குறித்துவைத்தால் போதும். அந்த ஒரு தாளுக்கு ஏற்பத் திரையை மறுபடி முறுக்குவோரும் உளர். அச்சகத்தின் பிழையையும் வீட்டுக்குக் கொண்டுவருவதாகவே அது முடியும்.

இவ்வளவும் செய்துமுடித்த ஒரு மாலையில், அச்சகத்துக்கு அனுப்புமுன் இருந்த மாமியின் மூலப்படத்தைத் திறந்து பார்த்தேன். சேலை வெள்ளையாகவே இருந்தது. அதில் திருத்துவதற்கு எதுவும் இருந்திருக்கவில்லை.