பதிப்புரிமையும் சொத்துத்தான்

கடையில் ஒரு பேனையைத் திருடினால் கள்ளன் என்கிறோம். முழுப் புத்தகத்தையும் போட்டோ கொப்பி அடித்து விற்றால் வியாபாரம் என்கிறோம். நானும் ஒரு காலம் அப்படி விற்றவன்தான். எழுதியவரின் புத்தகம் அவரிடமே இருக்கிறதே என்று நியாயமும் சொன்னேன். அவருக்குச் சேரவேண்டிய காசு என் லாச்சிக்குள் விழுந்ததை யோசிக்கவில்லை.

1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலாசிரியரின் உரிமையைப் பெறுமதியுள்ள சொத்தாகவே ஏற்றது. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அது எழுதியவரின் ஆயுள் முழுதும், மௌத்துக்குப் பின் 70 வருடமும் செல்லும். விற்கலாம், வாரிசுக்கும் போகும். காணிக்கு இப்படித் தவணை இல்லை. 70 வருடம் கூடிப்போச்சு என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்காக, தவணைக்குள் கேட்காமல் எடுக்க எனக்கு ஹக் இல்லை.

இப்போது பிள்ளைகள் இரண்டு பக்கம் கேட்டால் கொப்பி அடித்துக் கொடுக்கிறேன். முழுப் புத்தகம் என்றால் பக்கத்துப் புத்தகக் கடையைக் காட்டிவிடுகிறேன்.