வெள்ளி நிறக் குண்டு

தேசிய சேவையில் பீரங்கிப் படைக்குப் போயிருக்கும் அக்கா மகன், சனிக்கிழமை சாப்பிடும்போது கேட்டான்: "மாமா, பீரங்கிக் குண்டு வெள்ளி நிறத்தில் இருந்தால் உள்ளே என்ன?"

எனக்குத் தெரியவில்லை. இரவு உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்க ராணுவத்தின் வண்ணக் குறியீட்டில் மஞ்சள் என்றால் கடும் வெடிமருந்து, இளம்பச்சை என்றால் புகை, நீலம் என்றால் பயிற்சி. வெள்ளி நிறம், எதிரியின் ரேடாரைக் குழப்பும் குண்டுக்கு. (துண்டுப் பிரசுரம் தூவும் குண்டுக்கும் அதே நிறம்தான்!) உள்ளே இருப்பவை மெல்லிய உலோக இழைகள். வானில் சிதறியதும் ரேடார் அலைகளைத் திருப்பி அனுப்பும். 1943 ஜூலையில் பிரிட்டிஷ் விமானங்கள் ஹம்பர்க் மீது அலுமினியத் தாள் கீற்றுகளைக் கொட்டியபோது, ஜெர்மானிய ரேடார் திரைகளில் எது விமானம், எது கீற்று என்றே தெரியவில்லை.

"அப்போ வெடிக்காது, தொடலாம்" என்றான் பையன். எனக்குப் பகீரென்றது. இழைகளை வெளியே தள்ளவும் மருந்து வேண்டுமே! அதைச் சொல்லத்தான் பழுப்பு வளையம். நீல நிறப் பயிற்சிக் குண்டிலும் மஞ்சள் வளையம் இருந்தால், உள்ளே கடும் வெடிமருந்து உண்டு.

மண்ணில் புதைந்தால் வண்ணமும் உதிரும். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் 100 கிலோ உலகப்போர் குண்டு கிடைத்தது. சுற்றியிருந்த 4,000 பேருக்கு மேல் வெளியேற்றிய பிறகே அதை அங்கேயே வெடிக்கவைத்து அழித்தார்கள். அதையும் அவனிடம் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே, "வளையத்தையும் பார்க்கணும், சரி மாமா" என்றான்.