முடி கொட்டுவது தண்ணீர் செய்த குற்றமா?

இந்த விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைப்பு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், இருபது இருபத்தொரு வயதிலேயே சில பேருக்கு உச்சந்தலை வெளிச்சம் போட ஆரம்பித்துவிட்டது. சீப்பை எடுத்தால் முடி, தலையணையில் முடி, குளியலறைச் சாக்கடை அடைப்பில் முடி. தூத்துக்குடியில் யாரிடம் போய்ச் சொன்னாலும் ஒரே தீர்ப்புதான். "ஏல, போர் தண்ணில குளிச்சா கொட்டாம என்னல செய்யும்?" சலூன் அண்ணாச்சியும் அதையே சொல்கிறார், ஹாஸ்டல் வார்டனும் அதையே சொல்கிறார்.

நம்ம ஊர் நிலத்தடி நீர் உப்புதான், மறுக்கவில்லை. சுற்றிலும் உப்பளம், பக்கத்தில் கடல். அதனால்தான் குடிக்க வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. அந்த உப்புத் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, முடி தேங்காய் நார் மாதிரி ஆகும், சீவும்போது நடுவில் ஒடியவும் செய்யும். ஆனால் ஒடிவது வேறு, வேரிலேயே மெலிவது வேறு. வெளியே தெரிகிற முடி உயிரில்லாத இழை. உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கிற வேர்க்குழியில். தலையில் ஊற்றுகிற தண்ணீர் அந்தக் குழியைச் சுருக்குவதில்லை.

சந்தேகம் இருந்தால் திரேஸ்புரம் பக்கம் போய்ப் பாருங்கள். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போர் தண்ணீர் என்ன, அதைவிடப் பல மடங்கு உப்பான கடலுக்குள் மணிக்கணக்காகத் தலையோடு முங்குகிறவர்கள். உப்புதான் வழுக்கைக்குக் காரணம் என்றால் அவர்களில் ஒருவர் தலையிலும் முடி மிஞ்சியிருக்கக் கூடாது. வெயிலிலும் உப்பிலும் செம்பட்டை பாய்ந்திருக்கும், அவ்வளவுதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று சும்மாவா சொன்னார்கள்!

பின்னே எதனால்? 1942இலேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பிடித்துவிட்டார். பருவம் வருவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டபோது, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் விழ ஆரம்பித்தது. ஆக, ஹார்மோன் வேண்டும், கூடவே பரம்பரையும் வேண்டும். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பே தயாரிக்கிற டிஹெச்டி என்ற பொருள்தான் வேர்க்குழியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிசாக முளைத்து, கடைசியில் பூனை முடியாகிவிடும். "அம்மாவோட அப்பா தலையைப் பாரு" என்பது பாதி உண்மை. முக்கியமான ஒரு மரபணு அம்மா வழியாக வருகிறது, ஆனால் அப்பா வழியும் சேர்ந்தேதான் வேலை செய்கிறது.

எல்லா முடி உதிர்வும் இதுவும் அல்ல. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது சாதாரணம். டைபாய்டு, டெங்கு, கொரோனா மாதிரி காய்ச்சல் வந்தாலோ, பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தாலோ, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அது தலை முழுக்கக் கொட்டும், சில மாதங்களில் தானாகவே திரும்பி வரும். பரம்பரை வழுக்கை நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் மட்டும் மெலியும், தானாகத் திரும்பாது. அப்புறம், திருச்செந்தூரில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் கதைதான். நேர்த்திக்கடனுக்குப் போடுங்கள், தாராளமாக. சவரம் செய்த முடியின் நுனி மொண்ணையாக இருப்பதால் தடவும்போது முரட்டுத்தனமாகத் தெரிகிறது. வேர்க்குழியின் எண்ணிக்கை கூடாது.

சரி, தண்ணீரைக் குற்றம் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? காலம்தான் நஷ்டம். இந்தப் பிரச்சினைக்கு மருந்து இருக்கிறது, ஆனால் அது இருக்கிற முடியைக் காப்பாற்றும் மருந்து, போனதை முழுசாகக் கொண்டு வருவது அல்ல. தலையில் தடவுகிற மினாக்ஸிடில் 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஃபினாஸ்டிரைடு மாத்திரை 1997இல். முதலாவது முதலில் இன்னும் கொஞ்சம் கொட்ட வைக்கும், பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நாலைந்து மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும், நிறுத்தினால் பலனும் போய்விடும். இரண்டாவது டிஹெச்டியையே குறைக்கிறது. சிலருக்குப் பாலுணர்வுக் குறைவு, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவு உண்டு, எனவே டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. இதையெல்லாம் இருபத்தொரு வயதில் கேட்டால் உபயோகம். வாட்டர் ஃபில்டர், வெங்காயச் சாறு, மூலிகை எண்ணெய் என்று ஐந்து வருடம் ஓட்டிவிட்டு இருபத்தாறில் கேட்டால்?

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது. பாட்டில்காரர்கள் 'அழகுசாதனம்' என்று சீட்டு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்துவிடுகிறார்கள் :-)

இதைவிட மோசமானது ஆபரேஷன் ஆசை. 2016 மே மாதம் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடும் சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த சில நாட்களுக்குள் இறந்துபோனார். அந்த இடத்திடம் இருந்தது அழகு நிலையத்துக்கான உரிமம்தான் என்று பிறகு தெரிய வந்தது. மருத்துவம் படித்த பையனையே அங்கே போக வைத்தது எது என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யூடியூப் வீடியோ பார்த்தால் முடி நடப் பயிற்சி பெற்றதாக ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருபதுகளின் தொடக்கத்தில் நட்டால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சுற்றியுள்ள பழைய முடி பின்வாங்கிக்கொண்டே போக, நட்டது மட்டும் தீவு மாதிரி நிற்கும்.

அந்தப் பையனை அங்கே துரத்தியதில் நமக்கும் பங்கு இருக்கிறது. 'சொட்டை' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். காமெடி டிராக்கில் வழுக்கையைத் தட்டினால் சிரிக்கிறோம். ரஜினி திரையில் விக் வைத்தாலும் வெளியே வழுக்கையோடேதான் வருகிறார், அவரை யாரும் கேலி செய்வதில்லை. கூடப் படிக்கிறவன் தொப்பி போட்டு வந்தால் மட்டும் அதைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்! மருந்து எடுப்பதும் எடுக்காமல் அப்படியே இருப்பதும் அவனவன் இஷ்டம். பெண் வீட்டார் என்ன சொல்வார்கள் என்று ஒரு ஊரே சேர்ந்து முடிவெடுக்க அதில் ஒன்றும் இல்லை.

சந்தேகம் இருக்கிறவர்கள் முதலில் ஒன்று செய்யலாம். உச்சந்தலையை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டோ எடுத்து வையுங்கள். மெலிவது உறுதியானால் அந்தப் போட்டோக்களோடு நம்ம ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பாருங்கள். புறநோயாளிச் சீட்டு வாங்க வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.