அடித்தால் கவனம் வருமா?

"கடைக்குப் போய் உப்பு, புளி, கடுகு வாங்கி வா" என்கிறாள் தாய். ஏழு வயதுப் பையன் ஓடுகிறான். வழியில் ஒரு நாய்க்குட்டி. நின்று பார்க்கிறான். பிறகு கடைக்குப் போகிறான். உப்போடு மட்டும் திரும்பி வருகிறான்.

"மறதிக்காரன்" என்கிறாள் தாய். "விளையாட்டுப் புத்தி" என்கிறார் தந்தை. இதில் எது சரி? இரண்டும் பாதி சரி!

இரட்டை மாடு

கேட்டதை மனதில் வைத்திருப்பது, ஆசையை அடக்குவது, அடுத்து என்ன என்று யோசிப்பது இவையெல்லாம் சிந்தனைத் திறன்கள். கவனமும் இந்தத் திறன்களும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளரும்.

கவனம் சிதறினால் ஆசிரியர் சொன்னது மனதில் பதியாது. பதியாவிட்டால் அடுத்த கணக்கு புரியாது. புரியாத பாடத்தில் யாருக்குத்தான் கவனம் நிற்கும்? இப்படியே குழந்தை பின்தங்குகிறது. கடைசியில் "மக்கு" என்ற பட்டம்!

பழைய தவறு

1902-ம் ஆண்டில் லண்டனில் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில் சொற்பொழிவு ஆற்றினார். அறிவில் குறை இல்லாத சில குழந்தைகளுக்கும் கவனம் நிலைப்பதில்லை என்று எடுத்துக் காட்டினார். ஆனால் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை என்று கருதினார்.

இன்று "ஏ.டி.எச்.டி." என்று பேசப்படுவது இதுதான். இது ஒழுக்கக்கேடு அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

ஆகவே, அடிப்பதால் பயன் இல்லை. பயந்த மனதில் பாடம் தங்காது. பள்ளியில் குழந்தைகளை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

என்ன செய்யலாம்?

ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லலாம். சொன்னதைக் குழந்தையையே திருப்பிச் சொல்ல வைக்கலாம். பெரிய பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கலாம். முடித்ததும் பாராட்டலாம்.

துறுதுறுப்பு எல்லாம் நோய் அல்ல. ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதமாக இதே நிலை நீடித்துப் படிப்பைக் கெடுத்தால், டாக்டரிடம் காட்ட வேண்டும். கண், காது, தூக்கம் இவற்றில் குறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சத்தமின்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியையும் மறக்கக்கூடாது. அவள் குறும்பு செய்யாததால் அவளுடைய கஷ்டம் வெளியே தெரிவதில்லை.

நாளைக்கு அந்தத் தாய் உப்பும் புளியும் மட்டும் கேட்கட்டும். பையன் வாங்கி வந்ததும் "சபாஷ்" என்று தட்டிக்கொடுக்கட்டும். கடுகு மறுநாள் தானே வரும்!