மூலப்பத்திரம் கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் நீளம். ஒரு டீ வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் கேன்டீனில் ஒரு சண்டை. வாய்ச்சண்டைதான், பயப்படாதீர்கள் :-) ஆரம்பித்து வைத்தது ஹாலிவுட் நடிகர் பென் அஃப்லெக். பிரபலங்களின் பூர்வீகத்தைத் தேடிச் சொல்லும் 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் 2014ல் வந்தார். அவருடைய முன்னோர் ஒருவர் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதி வேண்டாமே என்று அவர் கேட்டார். ஒளிபரப்பில் அது வரவும் இல்லை. 2015ல் சோனி நிறுவனத்தில் திருடப்பட்ட மின்னஞ்சல்கள் வெளியானபோது குட்டு உடைந்தது. சங்கடமாக இருந்தது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

என் நண்பன் சொன்னான்: "பாவம் மச்சி அந்த ஆளு. நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி எவனோ செஞ்சதுக்கு இவன் என்ன பண்ணுவான்? பழைய குப்பையைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?"

மேஜையில் ஆறு பேர். ஐந்து பேர் தலையாட்டினார்கள். ஆறாவது ஆள் நான். கோபத்தில் கத்தினேனே தவிர, சொல்ல வந்ததை உருப்படியாகச் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தக் 'குப்பை' என்னவென்று பார்த்துவிடுவோம்.

1850லும் 1860லும் அமெரிக்காவில் எடுத்த சென்சஸில் அடிமைகளுக்கென்று தனிப் படிவம் இருந்தது. முதல் கட்டத்தில் உரிமையாளரின் பெயர், முழுதாக. அவருக்கு நேரே வரிசையாக அவருக்குச் சொந்தமான மனிதர்கள். வயது என்ன, ஆணா பெண்ணா, நிறம் கறுப்பா கலப்பா, ஓடிப்போனவரா, கண் தெரியாதவரா என்பதற்கெல்லாம் கட்டம் உண்டு. பெயருக்குக் கட்டம் கிடையாது. அங்கங்கே யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் எழுதிவைத்த பெயர்களைத் தவிர, மற்றவர்கள் எல்லாம் '35, பெண், கறுப்பு', '8, ஆண், கலப்பு' என்ற மாதிரியான வரிகள்தான். 1860ல் இப்படி எண்ணப்பட்டவர்கள் 39 லட்சத்துக்கும் மேல். அவர்களை வைத்திருந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் பேர்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1865ல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான அத்தனை பேரும் பெயரோடு சென்சஸில் ஏறியது 1870ல்தான். தங்கள் குடும்ப மரத்தைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் இந்த 1870ஐச் சுவர் என்கிறார்கள். அதுவரை பாட்டன், பூட்டன் என்று பெயர் பெயராகப் பின்னால் போகலாம். அதற்குப் பிறகு முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சுவரைத் தாண்ட முக்கியமான வழி ஒன்றுதான். அந்தப் பூட்டனை வைத்திருந்த குடும்பம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்தக் குடும்பத்தின் காகிதங்களில் தேட வேண்டும்.

நண்பர்களே, என் வாதம் மொத்தமும் இதுதான். அடிமை வைத்திருந்தவர்களின் பெயரைத் தேடுவது யாரையும் சந்தியில் நிறுத்த அல்ல. அடிமையாக இருந்தவர்களின் பெயர்கள் எஜமானர்களின் காகிதத்துக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. 'எங்கள் தாத்தா பெயரை விட்டுவிடுங்கள்' என்று ஒருவர் சொல்லும்போது தன் தாத்தாவை மட்டும் அவர் மறைக்கவில்லை. இன்னொருவரின் தாத்தாவையும் சேர்த்தே மறைக்கிறார்.

அந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் கவுண்டி அலுவலகங்களில். கவுண்டி என்றால் நம் மாவட்டம், தாலுகா மாதிரி ஒரு பிரிவு (லூசியானாவில் மட்டும் அதற்குப் பாரிஷ் என்று பெயர்). நம் வீட்டில் ஒரு கிரவுண்டு வாங்கினாலும் அப்பா என்ன செய்வார்? மூலப்பத்திரம் எங்கே என்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், யார் யாருக்கு விற்றார்கள், எவர் எப்போது அடமானம் வைத்தார் என்று முப்பது வருஷத்துக்குப் பின்னால் போவார். அங்கே மனிதர்களுக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மனிதர்கள் சொத்தாக இருந்தார்கள். சொத்து என்றால் பத்திரம் உண்டு. கிரயப் பத்திரம், மகள் கல்யாணத்துக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம், கடனுக்கு ஈடாக மனிதர்களை எழுதிவைத்த அடமானப் பத்திரம், உயில், வருஷாவருஷம் வரிப் பட்டியல், பாகப்பிரிவினை வழக்கு, எல்லாம் பதிவேட்டில் இருக்கும். நிலம் கைமாறிய அதே பதிவேட்டில் மனிதர்களும் கைமாறினார்கள்.

நான் பி.காம். மாணவன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதில் ஒரு ஆவணம்தான், இறந்தவரின் சொத்துப் பட்டியல். பண்ணைக்காரர் ஒருவர் இறந்தால், நீதிமன்றம் அக்கம்பக்கத்தார் சிலரை மதிப்பீட்டாளர்களாக நியமிக்கும். அவர்கள் வீடு முழுக்க நடந்து கட்டில், கடிகாரம், கலப்பை, கறவைமாடு என்று ஒவ்வொன்றாக எழுதி எதிரே டாலர் போடுவார்கள். அதே பட்டியலில், அதே கையெழுத்தில் மனிதர்களும் வருவார்கள். சென்சஸில் இல்லாத பெயர் இங்கே இருக்கும், முதல் பெயர் மட்டும். மதிப்புப் போட வேண்டும் என்றால் எந்த 'உருப்படி' என்று தெரிய வேண்டுமே! வயதாகி உழைக்க முடியாதவர்களுக்கு எதிரே சில பட்டியல்களில் பூஜ்யம். பிறகு வாரிசுகளுக்குப் பங்கு பிரிப்பார்கள். தொகை சரிசமமாக வர வேண்டும் என்பதற்காக அம்மா ஒரு பங்கிலும் குழந்தை இன்னொரு பங்கிலும் போனது உண்டு. கணக்கு டேலி ஆகிவிடும்.

இதை வேகமாகச் செய்ய அச்சடித்த கணக்குப் புத்தகமே விற்றார்கள். மிசிசிப்பியில் இருந்த தாமஸ் அஃப்லெக் என்பவர் 1840களின் கடைசியில் பண்ணைகளுக்கென்று ஒரு பதிவேடு வெளியிட்டார். ஒவ்வொரு அடிமைக்கும் வருஷ ஆரம்பத்தில் என்ன மதிப்பு, கடைசியில் என்ன மதிப்பு என்று எழுத அதில் தயாராகக் கட்டம் போட்டிருந்தது. இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவது எப்படி என்று நமக்கு இரண்டு யூனிட் நடத்தினார்கள். இப்படி ஒரு புத்தகம் இருந்ததை யாரும் சொல்லவில்லை.

(அஃப்லெக் என்றதும் நடிகரோடு முடிச்சுப் போடாதீர்கள். குடும்பப்பெயர் ஒன்று என்பதை வைத்து உறவு சொல்லக் கூடாது. விடுதலையானவர்களிலும் கடைசி எஜமானரின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் உண்டு, பழைய எஜமானரின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் உண்டு, எவன் பெயரும் வேண்டாம் என்று புதுப்பெயர் எடுத்தவர்களும் உண்டு. வெறும் பெயரை நம்பாமல் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.)

தேடினால் என்ன கிடைக்கும்? 1756ல் சியரா லியோனிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வந்த ஒரு கப்பலில் சுமார் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள. தென் கரோலினாவின் நெல் பண்ணைக்காரர் எலியாஸ் பால் அவளை வாங்கினார். பிரிசில்லா என்று பெயர் வைத்ததும் அவரே. பால் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதி வைத்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்த எட்வர்ட் பால் என்ற எழுத்தாளர் அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு, தன் முன்னோர்கள் வைத்திருந்தவர்களின் வாரிசுகளைத் தேடிப் போனார். 'ஸ்லேவ்ஸ் இன் தி ஃபேமிலி' என்று 1998ல் புத்தகமாக எழுதினார். பிரிசில்லாவிலிருந்து இன்றைய வாரிசுகள் வரை சங்கிலி அறுபடாமல் கிடைத்தது. 2005ல் அவள் வழி வந்த ஒரு பெண் சியரா லியோனுக்குப் போய் வந்தார். போகும்போது பத்து வயது, திரும்பி வர 249 வருஷம். பால் குடும்பத்தில் எல்லோரும் சங்கடப்பட்டுக் காகிதத்தைப் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

இன்னொன்று. 1838ல் மேரிலாந்து இயேசு சபையார் 272 பேரைச் சுமார் 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. விற்றவர்கள் பெயர்ப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலையும் லூசியானா ஆவணங்களையும் பொருத்திப் பார்த்து ஆயிரக்கணக்கான வாரிசுகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பட்டியலின் முதல் பெயர் ஐசக் ஹாக்கின்ஸ். 2017ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தது. கட்டடத்துக்குப் பெயர் வைத்தால் கணக்குத் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் பட்டியல் இல்லையென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட ஆள் இருந்திருக்காது.

சரி, இப்போது கேன்டீன் வாதங்களுக்கு வருகிறேன்.

"எங்கோ நாலு பெரிய பணக்காரன் செஞ்சது." தவறு. 1860ல் அடிமை மாநிலங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு வெள்ளைக் குடும்பத்திடம் அடிமைகள் இருந்தார்கள். மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களிடம். வாங்க வசதி இல்லாதவர்கள் வருஷக் கூலிக்கு எடுத்தார்கள். அந்தக் கூலியும் எஜமானருக்குத்தான் போனது.

"ரொம்பப் பழைய கதை." 2023ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதே மாதிரி ஆவணங்களை வைத்து அமெரிக்க அரசியல் தலைவர்களின் முன்னோர்களைத் தேடியது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் குறைந்தது நூறு பேர் அடிமை வைத்திருந்தவர்களின் நேரடி வாரிசுகள். அப்போது உயிரோடு இருந்த அதிபர், முன்னாள் அதிபர்களில் ட்ரம்ப் தவிர அத்தனை பேரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள், அம்மா வழியில் ஒபாமா உட்பட. இது கட்சி விஷயம் இல்லை. ஒரு நாட்டின் குடும்ப விஷயம்.

"பேரன் என்ன தப்பு செய்தான்?" ஒன்றும் செய்யவில்லை. இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். பாவம் பரம்பரைச் சொத்து இல்லை. ஆனால் சொத்து பரம்பரைச் சொத்துதானே? 1862ல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது தலைக்கு 300 டாலர் வரை அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? எஜமானருக்கு! விடுதலையானவர்கள் சிறுகச் சிறுகச் சேமிக்க 1865ல் ஃப்ரீட்மன்ஸ் வங்கி வந்தது, 1874ல் மூழ்கியது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் மாட்டிக்கொண்டது. (அந்த வங்கியின் ஆரம்பகாலப் பதிவேட்டில் 'உங்கள் பழைய எஜமானர் யார்' என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இன்று சுவரைத் தாண்ட அதுவும் ஒரு ஏணி.) இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தை மட்டும் காட்டிப் பொறுப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் நம் ஆடிட்டிங் வாத்தியார் அதற்கு என்ன பெயர் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். பேரன் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அழ வேண்டாம். பெட்டியைத் திறந்து காட்டினால் போதும்.

காகிதம் சாகாவரம் பெற்றதும் இல்லை. வர்ஜீனியாவில் போர்க்காலப் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பிய பல கவுண்டிகளின் பதிவேடுகள் 1865 ஏப்ரலில் நகரத்தோடு எரிந்தன. அந்த ஊர்க்காரர்களுக்குக் குடும்பங்களின் பெட்டிகள் இன்னும் முக்கியம். மறுபக்கம், வட கரோலினாவில் பன்கம் கவுண்டியின் பத்திரப் பதிவு அலுவலகம் தன்னிடமிருந்த அடிமை விற்பனைப் பத்திரங்களைத் தானே தேடி எடுத்து இணையத்தில் போட்டது. லூசியானாவில் க்வெண்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாசிரியர் நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்து சுமார் ஒரு லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்து 2000ல் வெளியிட்டார். செய்ய முடியாத வேலை இல்லை இது.

அமெரிக்காக்காரனைத் திட்டுவது சுலபம் என்று தெரியும். 1833ல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டு உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை அதில் சேர்க்கவில்லை. நாம் அந்தப் பகுதிதான். இங்கே சட்டம் வர 1843 ஆனது. ஆளை விற்ற ஓலைகள் தமிழிலும் உண்டு. நாளைக்கு நம் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? பென் அஃப்லெக் செய்ததையா, எட்வர்ட் பால் செய்ததையா? அன்று தலையாட்டிய ஐந்து பேரும் பதில் சொல்லட்டும். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மச்சி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்குக் கத்தியதற்கு ஸாரி. சொன்னதற்கு இல்லை.