மேற்கோள் எண்ணிக்கை யாரை எண்ணுவதில்லை?

காரைக்குடிக்கு அறிவியல் புதிதன்று. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. அங்குள்ள ஆய்வாளர்களும் நாட்டின் ஏனைய ஆய்வாளர்களைப் போலவே இன்று இரண்டு எண்களால் அளக்கப்படுகின்றனர்: எத்தனை கட்டுரைகள் எழுதினர், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-குறியீடு இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. இருபது கட்டுரைகள் தலா இருபது முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருப்பின் ஒருவரது குறியீடு 20. இடஒதுக்கீட்டுக்கு எதிராகத் ‘தகுதி’ பேசுவோர் கையில் எடுக்கும் புதிய அளவுகோலும் இதுவே. எனவே இந்த எண் எதை அளக்கிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

புற்றுநோய் உயிரியலையே எடுத்துக்கொள்வோம். பஞ்சாபில் பிறந்த பரத் அகர்வால், அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் மஞ்சளிலுள்ள குர்குமினை ஆராய்ந்தவர். உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர். அவருடைய கட்டுரைகளிலுள்ள படங்கள் குறித்து ஐயங்கள் எழுந்தன. 2018இல் ‘பயோகெமிக்கல் ஃபார்மகாலஜி’ என்னும் ஒரே இதழ் அவருடைய 7 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. மொத்தத்தில் திரும்பப் பெறப்பட்டவை இருபதுக்கும் மேல். குர்குமின் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளை அலசி 2017இல் வெளிவந்த ஒரு திறனாய்வு, முறையாக ஒப்பிட்டு நடத்தப்பட்ட இருமறைச் சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றது. மஞ்சள் மீது நமக்குப் பகை ஏதுமில்லை. ஆனால் மேற்கோள்கள் குவிந்துகொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் அந்த எண்ணிக்கை எவரையும் எச்சரிக்கவில்லை.

இதைத் தனியொருவரின் கதையென ஒதுக்கிவிட இயலாது. புற்றுநோய் உயிரியலில் பெரிதும் பேசப்பட்ட 53 கட்டுரைகளின் 193 பரிசோதனைகளை மீண்டும் செய்துபார்க்க ஒரு திட்டம் முயன்றது. போதிய விவரங்கள் கிடைக்காமையால் 23 கட்டுரைகளின் 50 பரிசோதனைகளையே செய்ய முடிந்தது. 2021இல் வெளியான முடிவுகளின்படி, புதிதாகக் கண்ட விளைவின் அளவு முதலில் அறிவிக்கப்பட்டதைவிடச் சராசரியாக 85 விழுக்காடு சிறியது.

அளவுகோலே இப்படியிருக்க, அளக்கப்படும் இடத்துக்குள் நுழைய முடிந்தவர் யார்? இந்தியாவின் முன்னணி ஐ.ஐ.டி.களின் பேராசிரியர்களுள் தலித்துகளும் பழங்குடியினரும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என 2023 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழ் எழுதியது. அதே இதழ், ஒரு கட்டுரையை அனைவரும் கட்டணமின்றிப் படிக்கும் வகையில் வெளியிட 9,500 யூரோ வரை ஆகும் என 2020இல் அறிவித்தது. அதாவது ஏறத்தாழ எட்டரை லட்சம் ரூபாய். பட்டியல் சாதி ஆய்வு மாணவருக்கான தேசிய உதவித்தொகை தொடக்க நிலையில் மாதம் 37,000 ரூபாய். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சேர்த்தால் ஒரு கட்டுரைக்குக் கட்டலாம். பணத்தைக் காட்டிலும் பெரிய தடை உறவு வலை. யாருடைய ஆய்வகத்தில் இடம், கட்டுரையில் யாருடைய பெயர் முதலில், கருத்தரங்கில் யார் யாரை அறிமுகப்படுத்துகிறார் என்பவையே பின்னாளில் மேற்கோள்களாகப் பெருகுகின்றன. அவ்வலை சாதியின் வழியே பின்னப்பட்டிருப்பதை அறிய நமக்கு ஆய்வறிக்கை தேவையில்லை.

சட்டமும் துணைநிற்கவில்லை. மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் (2019) தன் அட்டவணையில் சில ‘சிறப்பு’ நிறுவனங்களுக்கு விலக்களித்தது. நாட்டின் முதன்மையான புற்றுநோய் நிறுவனமான மும்பை டாடா நினைவு மையம் அவற்றுள் ஒன்று. சிறப்பும் சமூகநீதியும் ஓரிடத்தில் இரா என்ற பழைய சாதிய நம்பிக்கை இங்கே சட்டப்பிரிவாகிவிட்டது.

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் ஆய்வுக்கு 30 விழுக்காடு. சமூக உள்ளடக்கத்துக்கு வெறும் 10. அந்தப் பத்தையும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வெளிமாநில மாணவர்கள், நலிந்த பிரிவினர் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதி ஆசிரியர் எத்தனை பேர் என்று அது கேட்பதே இல்லை. அக்கேள்வியை மாணவர்கள் கேட்கலாம். ஒவ்வொரு துறையிலும் ஆய்வு நெறியாளர்கள் எவ்வெப் பிரிவினர், முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுள் எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் பாதியில் விலகினர், உதவித்தொகை எத்தனை மாதம் தாமதமானது ஆகிய விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். காரைக்குடியிலிருந்தே தொடங்கலாம்; விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.